சரக்கு விமான நேர்காணலில் என்னிடம் கேட்டவை

கேத்தி, நீலகிரி

என் அப்பா கேத்திப் பள்ளத்தாக்கிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இருபத்தாறு ஆண்டுகள் கேரட் லாரி ஓட்டியவர். சரக்கு விமான நிறுவனத்தின் நேர்காணலில் அந்த லாரி பேச்சுக்கு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. நம் மலைப்பக்கத்திலிருந்து விமானி வேலைக்கு முயல்கிற சிலர் கேட்டதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

200 மணி நேரம் பறந்து, சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான உரிமமான சி.பி.எல். பெற்றேன். கடன் வாங்கி, போயிங் 737 ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங்கும் முடித்தேன். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் வேலை இல்லை. ஒருவழியாக அழைப்பு வந்தபோது கேட்ட தாள்கள் எல்லா நிறுவனங்களும் கேட்பவைதான்: உரிமம், முதல் வகுப்பு மருத்துவச் சான்று, ரேடியோ உரிமம், ஆங்கிலத் திறனில் நான்காம் நிலைக்குக் குறையாத சான்று.

நான் தடுமாறியது, பறந்த நேரத்தைப் பதியும் லாக் புத்தகத்தில். காலை ஒன்பது மணிக்கே ஓர் அதிகாரி அதைப் பக்கம் பக்கமாகக் கூட்டிப் பார்த்தார். பயிற்சிக் காலத்துப் பக்கம் ஒன்றில் 61.40 (61 மணி 40 நிமிடம்) என்று முடிந்த கணக்கை அடுத்த பக்கத்தில் 62.00 என்று ஏற்றியிருந்தேன். இருபது நிமிடம். பென்சில் முனையை அந்த இடத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என் தவறுதான், இன்றுவரை கவனிக்கவில்லை" என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அவர் முன்னாலேயே ஒரே கோட்டில் அடித்து, சரியான எண்ணை எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்குப் பின் வந்த எல்லாப் பக்கங்களின் கூட்டலையும் அங்கேயே உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அன்று அத்துடன் அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

எழுத்துத் தேர்வில் வானிலை, எடைக் கணக்கு, ஆபத்தான சரக்கு மூன்றும் வந்தன. மூன்றாவதை லேசாக எண்ண வேண்டாம். லித்தியம் அயன் பேட்டரிகளைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடை. அவை சரக்கு விமானத்தில்தான் போகவேண்டும், அதுவும் 30 சதவீதத்துக்கு மேல் மின்னேற்றம் இல்லாமல். எந்தப் பெட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று கேப்டனிடம் தரும் அறிவிப்புத் தாளை எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தார்கள்.

நேர்காணலில் மூன்று பேர். நடுவில் இருந்த மூத்த கேப்டன், "அதிகாலை மூன்று மணி, மேல்தளத்தில் தீ எச்சரிக்கை. என்ன செய்வீர்கள்?" என்றார். சரக்கு விமானத்தில் பெரும்பகுதிச் சரக்கு இருக்கும் மேல்தளத்தில் தீயை அணைக்கும் வாயு பொதுவாக இருக்காது. காற்றோட்டத்தை நிறுத்தி, உள்ளழுத்தத்தைக் குறைத்து, ஆக்சிஜன் கிடைக்காமல் தீயை ஒடுக்க வேண்டும். படித்திருந்ததால் சொன்னேன். 2010 செப்டம்பர் 3 அன்று சரக்கில் தீப்பிடித்து துபாயில் விழுந்த யு.பி.எஸ். நிறுவனத்தின் 747 சரக்கு விமானம் பற்றியும் சொன்னேன். அவர் விடவில்லை. "அதெல்லாம் பிறகு. ஆக்சிஜன் முகமூடியை மாட்டிவிட்டீர்கள். உங்கள் குரல் பக்கத்தில் இருக்கும் கேப்டனுக்குக் கேட்கிறதா?" ஒரு நொடி திகைத்தேன். பிறகு, மைக் ஸ்விட்சை முகமூடிக்கு மாற்றி, அவரிடம் பேசி, பதில் வந்த பிறகே அடுத்த வேலை என்றேன். தலையசைத்தார்.

அடுத்து சுமை நகர்வது பற்றிய கேள்வி. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமில் கவச வாகனங்களை ஏற்றிய 747 ஒன்று, மேலெழும்போதே சுமை பின்னால் நகர்ந்ததால் விழுந்தது. ஏழு பேரும் இறந்தார்கள். "கட்டுவது ஏற்றுகிறவர்களின் வேலை. நீங்கள் துணை விமானி. உங்களுக்கு அதில் என்ன?" என்று கேட்டார்.

அப்போதுதான் அப்பா நினைவுக்கு வந்தார். எங்கள் ஊரில் கேரட்டைக் கழுவி ஈரத்தோடு மூட்டை பிடித்து ஏற்றுவார்கள். வண்டி ஆடும்போது மூட்டைகள் அமர்ந்து கயிறு தளரும். ஏற்றியவர்கள் எவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தாலும், குன்னூர் தாண்டி இறக்கம் தொடங்கும் முன் அப்பா வண்டியை ஓரங்கட்டி, டார்ச் அடித்து ஒவ்வொரு கயிற்றையும் கையால் இழுத்துப் பார்ப்பார். சிறுவனாக இருந்தபோது டார்ச் பிடித்தவன் நான். அதைச் சொன்னேன். கேப்டன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்கள் அப்பா எந்தக் கியரில் இறங்குவார்?" என்றார். "ஏறின கியரிலேயே, சார்."

சிமுலேட்டர் சோதனை முடிந்து மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அப்பாவுக்கு இப்போதும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். நான் பறக்கிற இரவுகளில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அம்மா சொல்கிறார்.

வெலிங்டன், குன்னூர்

கேத்தித் தம்பி எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். நான் விமானப்படையில் ஏ.என்.-32 சரக்கு விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவன். எங்களுக்கு மணி நேரம் குறையில்லை. கேப்டனாவதற்கு வேண்டிய உரிமமான ஏ.டி.பி.எல்.லுக்குக் கேட்கும் 1500 மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் குடிமை உரிமத்துக்கான தேர்வுகளுக்கு நாற்பத்தெட்டு வயதில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது.

நேர்காணலில் தொழில்நுட்பக் கேள்விகள் குறைவு. "உங்களைவிடப் பன்னிரண்டு வயது இளையவர் கேப்டனாக இடது இருக்கையில் இருப்பார். அவர் தவறு செய்தால் எப்படிச் சொல்வீர்கள்? நீங்கள் செய்த தவறை அவர் சொன்னால்?" இதையே மூன்று விதமாகக் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. பதவி இறங்கி வருகிறோம் என்ற நினைப்போடு போகிறவர்கள் அங்கே நிற்க முடியாது. இன்று என் கேப்டனுக்கு முப்பத்தாறு வயது. அவரிடம் நிறையக் கற்றுக்கொண்டேன்.

கொடைக்கானல்

எனக்கு வேலை கிடைக்கவில்லை. அதுவும் பதிவாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏ.டி.ஆர். என்ற சிறிய பயணிகள் விமானத்தில் 900 மணி நேரம் பறந்திருக்கிறேன். நான் போன நிறுவனம் 737 ஓட்டுகிறது. அந்த விமானத்திலேயே 500 மணி நேரம் வேண்டும் என்பதை நேரில் போன பிறகுதான் சொன்னார்கள். விளம்பரத்தில் அது இல்லை. கொடைக்கானலிலிருந்து இரவு பஸ் பிடித்துப் போனவளுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று எழுதத் தெரியவில்லை. இன்னொரு இடத்தில், "திருமணம் ஆனால் இரவு வேலைக்கு வீட்டில் ஒப்புக்கொள்வார்களா?" என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் போன பையனிடம் அதைக் கேட்கவில்லை என்பதை வெளியே வந்து விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இது தவறு. யார் கேட்டாலும் தவறு.

வேறு நிறுவனத்தில் இருந்துகொண்டே முயல்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2017 விதிப்படி வேலையை விட துணை விமானிக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம் முன்னறிவிப்பு வேண்டும். மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கேத்தி அண்ணா, சிமுலேட்டரில் தானியங்கியை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டச் சொன்னார்களா? அடுத்த மாதம் எனக்கு ஒன்று இருக்கிறது.

கேத்தி, நீலகிரி

முழுக்கக் கையால்தான் தங்கச்சி. ஓடுபாதையில் ஓர் எஞ்சினை நிறுத்தினார்கள், பிறகு மீதமிருந்த ஓர் எஞ்சினோடே இறக்கச் சொன்னார்கள். வேகத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள், பக்கத்தில் இருப்பவருக்கு வேலை கொடுங்கள். அவர்கள் முக்கியமாகப் பார்த்தது அதைத்தான். ஞாயிறு மாலை பேசலாம். என் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொள்கிறேன்.