புதுப்பிப்பு: 1987 ஆர்எக்ஸ்-7 டர்போவில் 9.0 ரோட்டர்

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 1987 டர்போ 13பி எஞ்சினில் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின்), 1989 மாடல் டர்போ ரோட்டர் சேருமா என்று போன பதிவில் கேட்டிருந்தேன். சேரும். இரண்டிலும் ஏபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனைகளில் வாயு கசியாமல் தடுக்கும் பட்டை) 2 மி.மீ. தடிமன் தான், கம்ப்ரெஷன் விகிதம் (உள்ளே கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) 8.5இலிருந்து 9.0 ஆகும்.

கவனிக்க வேண்டியது எடை. புது ரோட்டர் பழையதைவிட லேசு. ரோட்டரின் எடையைச் சமன்செய்யும் பழைய கவுன்டர்வெயிட்டையே மாட்டினால் ஆர்பிஎம் ஏற ஏற அதிர்வு பேரிங்கைத் தின்றுவிடும். முன்பக்கத்தது தனி உருப்படி, மாற்றுவது சுலபம். மேனுவல் வண்டியில் பின்பக்கத்தது ஃப்ளைவீலோடு (எஞ்சின் பின்னால் சுழலும் கனமான சக்கரம்) ஒன்றாகவே இருக்கும். அதனால் கவுன்டர்வெயிட் இல்லாத தனி ஃப்ளைவீல் வாங்கி, 1989 ஆட்டோமேட்டிக் மாடலின் கவுன்டர்வெயிட்டோடு சேர்த்தேன்.

அப்புறம் சைடு சீல், அதாவது ரோட்டரின் பக்கவாட்டுப் பள்ளத்தில் உட்காரும் பட்டை. பள்ளத்தில் வைத்துப் பார்த்து, முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் தேய்த்து, கார்னர் சீல் (ரோட்டர் மூலையில் இருக்கும் சீல்) பக்கம் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்ததும் நிறுத்தினேன். எந்த சீல் எந்தப் பள்ளத்துக்கு என்று கவரில் எழுதி வைத்திருக்கிறேன்.