நல்ல ரீமேக்காக இருப்பதுதான் என் குறை: ஈவில் டெட் 1981 / 2013

கேபின்வாசி:

பேய்ப்படம் என்றால் என் தம்பிக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் அவனுக்குத் தெரிந்த 'ஈவில் டெட்', 2013-இல் ஃபெடே அல்வாரெஸ் எடுத்ததுதான். போன வாரம் வம்படியாக உட்காரவைத்து, சாம் ரைமி எடுத்த 1981 மூலப்படத்தைப் போட்டேன். ஒரு மணி நேரம் ஒழுங்காகத்தான் பார்த்தான். கடைசியில் பேய்களை எழுப்பிய புத்தகம் தீயில் எரிய, பேய்கள் உருகிக் கரையுமே, அங்கே சிரித்துவிட்டான். "அண்ணா, இது களிமண்ணுதானே?"

களிமண்தான். யார் இல்லை என்றது? எஃபெக்ட்ஸ் வேலை பார்த்த டாம் சல்லிவனும் பார்ட் பியர்ஸும் உருவத்தைத் துளித்துளியாக மாற்றி, ஒவ்வொரு ஃப்ரேமாகச் சுட்ட காட்சி அது. கன்னம் உள்வாங்கும், தோல் குமிழ் விடும், உடம்பைப் பிளந்துகொண்டு ஒரு கை வெளியே வரும். அசைவு வெட்டி வெட்டித்தான் இருக்கும். எனக்கு வயிற்றைக் கலக்குவதே அந்த வெட்டல்தான். உயிருள்ள எதுவும் அப்படி அசையாது.

ரீமேக் குப்பையாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். குப்பை இல்லை, அதுதான் வம்பு. மியாவைப் போதைப் பழக்கத்திலிருந்து மீட்கத்தான் எல்லோரும் அந்தக் காட்டு வீட்டுக்கு வருகிறார்கள். அதனால் "இங்கே ஏதோ இருக்கிறது, போய்விடலாம்" என்று அவள் கதறும்போது, போதை கேட்கிறது என்றே நினைத்துப் பிடித்துவைக்கிறார்கள். என்ன கெட்டிக்காரத்தனமான யோசனை! மூலத்தில் அப்படிக் காரணம் எல்லாம் கிடையாது. ஐந்து பேர் விடுமுறைக்கு வருகிறார்கள், மாட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். மியாவாக ஜேன் லெவியும் பிய்த்து உதறியிருக்கிறார்.

அப்புறம் ஏன் மனசு ஒப்பவில்லை? எனக்குத் தோன்றுவது, புதிய படத்தில் யாரும் திணறவில்லை. பழையது ஏறக்குறைய 3,75,000 டாலரில், டென்னசியில் ஆளில்லாமல் கிடந்த ஒரு வீட்டில், 16 எம்எம் ஃபிலிமில் எடுத்தது. பேய் பிடித்தவர்களுக்கு மாட்டிய வெள்ளை லென்ஸ் அவ்வளவு தடிமன், போட்டால் கண்ணே தெரியாது. அவர்கள் எங்கோ பார்த்துக்கொண்டு சிரிப்பதில் பாதி நிஜக் குருட்டுத்தனம். புதிய படம் மாதிரி கையில் 1.7 கோடி டாலர் இருந்தால் அது எப்படி வரும்?

இது எனக்கு மட்டும்தானா? அப்புறம் ஒன்று: புதிதாக வருபவருக்கு நீங்கள் எதை முதலில் போடுவீர்கள்?

மரப்பலகை:

உங்களுக்கு மட்டும் இல்லை. ஆனால் 'திணறல்' என்பதில் ஒரு திருத்தம் உண்டு.

மூலத்தில் காட்டுக்குள் சீறிவரும் அந்தப் பார்வையை எப்படி எடுத்தார்கள் என்று தம்பிக்குச் சொன்னீர்களா? குலுங்காமல் எடுக்க உதவும் ஸ்டெடிகேம் கருவிக்குக் காசில்லை. ஒரு நீளப் பலகையின் நடுவில் கேமராவை முடுக்கி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முனையில் எவ்வளவு குலுங்கினாலும் நடுவில் குறைவாகத்தான் தெரியும். கேமரா தரையோடு தரையாகப் போகலாம், விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் ஏறி இறங்கலாம். மனிதன் நடக்கிற மாதிரியும் இல்லை, தண்டவாளத்தில் போகிற மாதிரியும் இல்லை. அது என்னதான் என்று கடைசிவரை நமக்குக் காட்டவே இல்லை, காட்டவும் தேவைப்படவில்லை.

சரி, திருத்தத்துக்கு வருகிறேன். 2013 குழு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படம் எடுத்தவர்கள் இல்லை. கிராஃபிக்ஸைக் கூடியவரை ஒதுக்கிவிட்டு, செயற்கைத் தோல், குழாய், போலி ரத்தம் என்றுதான் வேலை பார்த்தார்கள். கடைசியில் பெய்யும் ரத்த மழை நிஜமாகவே ஜேன் லெவியின் தலையில் கொட்டியது. திணறலைப் பற்றி அவரிடம் கேளுங்கள், வேறு கதை சொல்வார்.

நள்ளிரவுக் காட்சி:

மூலப்படம் புனிதம், தொடாதே என்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அதை முதலில் திரும்ப எடுத்தது ரைமியேதான். 1987-இல் வந்த 'ஈவில் டெட் 2'-ஐ எடுக்கும்போது முதல் படத்தின் காட்சிகளைப் பயன்படுத்தும் உரிமை கைவசம் இல்லை. அதனால் முன்கதையை நாயகன் ஆஷ், அவன் காதலி லிண்டா இருவரை மட்டும் வைத்துச் சில நிமிடத்தில் மறுபடி எடுத்துவிட்டார். ஐந்து பேர் இரண்டு பேர் ஆனதற்கு எந்த ரசிகனும் கொடி பிடிக்கவில்லை.

இன்னொன்று. ரைமியும், ஆஷாக நடித்த புரூஸ் கேம்ப்பெல்லும், தயாரிப்பாளர் ராபர்ட் டேப்பர்ட்டும் 1978-இல் சூப்பர் 8 என்ற மலிவு ஃபிலிமில் 'விதின் த வுட்ஸ்' என்ற குறும்படத்தை எடுத்து, அதைப் போட்டுக் காட்டித்தான் முதலீடு திரட்டினார்கள். அல்வாரெஸ் எப்படி வந்தார்? உருகுவேயில் சில நூறு டாலரில், ராட்சத ரோபோக்கள் மான்டேவீடியோவைத் தாக்குவதாக ஒரு குறும்படம் எடுத்து, 2009-இல் இணையத்தில் போட்டார். அதைப் பார்த்துத்தான் ஹாலிவுட் கூப்பிட்டது. வேலை கொடுத்தது அதே மூன்று பேர். தங்களை மாதிரியே வந்த ஒருவனிடம் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். இதில் துரோகம் எங்கே இருக்கிறது?

கேபின்வாசி:

துரோகம் என்று நான் சொல்லவே இல்லையே சார்! அந்த மூவரின் ஆசியோடு வந்ததால்தான் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

எரிச்சல் எங்கே என்றால், பெயர்ப்பட்டியல் எல்லாம் ஓடி முடிந்ததும் புரூஸ் கேம்ப்பெல் முகத்தைக் காட்டி "க்ரூவி" என்கிறாரே, அங்கே. அது எனக்காகப் போட்டது, பழைய ரசிகனே சந்தோஷமா என்று கேட்கிறது. அந்த வசனம் முதல் படத்தில் கிடையவும் கிடையாது, இரண்டாவதில்தான் வரும். 1981 ஆஷ் வீரன் இல்லை. அலமாரிக்கு அடியில் சிக்கிக்கொண்டு முழிப்பான், கோடரியைக் கையில் வைத்துக்கொண்டு உறைந்து நிற்பான். எனக்குப் பிடித்த ஆஷ் அந்தப் பயந்தாங்கொள்ளிதான். புதிய படத்தில், வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடக்கும், முதல் படத்தில் வந்த அந்த ஓல்ட்ஸ்மொபீல் காரை மட்டும் ரசித்தேன். அதைக் கண்டுபிடிக்கிறவன் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

மரப்பலகை சொன்ன ரத்த மழையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடிகை திணறுவது வேறு, படமே திணறுவது வேறு. முதல் படத்தின் படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போய், நடிகர்கள் கிளம்பிப் போன பிறகு, கிடைத்தவர்களை எல்லாம் டூப்பாக நிறுத்தி முடித்தார்களே, அதைச் சொல்கிறேன். சில ஷாட்டில் முதுகும் கையும் யாருடையது என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

மூன்றாம் ஃப்ரேம்:

படிக்கும்போது சிரித்துக்கொண்டேன் அண்ணா, ஆனால் ஒரு பெண்ணாக எனக்கு இருக்கிற குறையே வேறு. மூலத்தில் ஆஷின் சகோதரி செரிலை மரங்கள் பாலியல் ரீதியாகத் தாக்கும் காட்சி. அது வேண்டாத கொடூரம் என்று ரைமியே பின்னால் வருத்தப்பட்டவர். 32 வருஷம் கழித்து எடுக்கும்போது அதை விட்டுவிடலாமே? விடவில்லை. அடையாளக் காட்சி என்று மியாவுக்கும் வைத்தார்கள். மூலத்தில் எதைக் கழற்றிப் போட வேண்டுமோ அதைப் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டார்கள். திணறல் போனதில் எனக்குக் கவலை இல்லை, இதில்தான் கோபம்.

நீங்கள் தேடுவது ஆளிடம் இல்லை என்பதற்கு வேறொரு படத்தைப் பாருங்கள். 'தி டெக்சஸ் செயின் சா மசாக்கர்' 1974-க்கும் 2003 ரீமேக்குக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே, டேனியல் பேர்ல். முதல் படத்தில் வெயில் கண்ணைக் கூசும், வேர்வை நம் மேல் ஒட்டும். இரண்டாவதில் வெளிச்சம் தூண் தூணாக அழகாக விழும். அவருக்குத் தொழில் மறந்தா போயிற்று? கையில் லைட் வந்துவிட்டது.

தம்பி விஷயத்துக்கு என் பதில்: 1981-தான் முதலில். சிரித்தால் சிரிக்கட்டும். ரைமியே சிரிப்புப் பைத்தியம், அடுத்த படத்தில் ஆஷின் சொந்தக் கையையே அவன்மேல் ஏவிவிட்டவர். அப்புறம் உங்கள் தம்பி களிமண் வரைக்கும் சிரிக்கவில்லை என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். லிண்டாவின் கணுக்காலில் பென்சில் இறங்கும்போது அவன் முகம் எப்படி இருந்தது?

கேபின்வாசி:

காலை இழுத்து சோஃபா மேல் வைத்துக்கொண்டான்.

மரக் காட்சி பற்றிச் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. நானும் அந்த இடத்தை ஓட்டிவிட்டுத்தான் போட்டேன். இந்த வாரம் 'ஈவில் டெட் 2' பார்க்கிறோம். 2013 படத்தை அவன் இன்னொரு தடவை என்னோடு பார்க்கவேண்டுமாம். சரி என்றிருக்கிறேன், "க்ரூவி" வருவதற்குள் டிவியை நிறுத்திவிடலாம் என்ற நிபந்தனையோடு.