புது டிஸ்கோ 12 இஞ்ச் ரெக்கார்டு: வேகம் குறைகிறது, ஊசி தாவுகிறது, உறையில் பூஞ்சை (குன்னூர்)

குன்னூர்_மிக்ஸ்:
வணக்கம். இந்த வருஷம் வெளிவந்த டிஸ்கோ, ஹவுஸ் 12 இஞ்ச் ஐந்து கையில் இருக்கிறது, எல்லாம் 45 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 45 சுற்று). டர்ன்டேபிள் அமெரிக்காவில் வாங்கிய பழைய பெல்ட் டிரைவ், ஏசி மோட்டார். 230 வோல்ட்டை 120 ஆக்கும் டிரான்ஸ்பார்மரில் ஓடுகிறது. கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய பகுதி) ஆடியோ டெக்னிகா விஎம்95இ, ஊசி அழுத்தும் எடை 1.6 கிராம். 120 பிபிஎம் (நிமிஷத்துக்கு 120 தாளத் தட்டு) பாட்டைப் போன் ஆப்பில் எண்ணினால் 100 காட்டுகிறது. ஆனால் பிளாட்டர் (ரெக்கார்டு வைக்கும் தட்டு) விளிம்பில், மின்னும் விளக்கில் வேகம் பார்க்கும் ஸ்ட்ரோப் புள்ளிகள் அசையாமல் நிற்கின்றன, பெல்ட்டும் புதுசு. ஒரு ரெக்கார்டில் கிக் டிரம் கனமாக விழும் இடத்தில் ஊசி தாவுகிறது, காலை நேரத்தில் அதிகம். ஐப்பசி மழைக்கு அப்புறம் உள் உறைகளில் சாம்பல் நிறப் புள்ளிகள் வேறு. எதிலிருந்து தொடங்கலாம்?

ஊட்டி_வாட்ஸ்:
பெல்ட் மேல் பழி போடாதீங்க சார். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை (மின்சாரம் நொடிக்கு எத்தனை சுழற்சி என்பதை) தொடாது. உங்கள் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, நம்ம லைன் 50. அதனால் எல்லாமே ஆறில் ஐந்து பங்கு: 45 என்பது 37.5, 120 பிபிஎம் என்பது சரியாக 100.

ஸ்ட்ரோப் ஏமாற்றுவதும் இதனால்தான். அந்தக் குட்டி நியான் விளக்கும் அதே லைனில் எரிகிறது. நொடிக்கு 120 தடவை மின்ன வேண்டியது 100 தடவைதான் மின்னுகிறது. பிளாட்டரும் விளக்கும் ஒரே அளவு பின்தங்குவதால் புள்ளி நிற்கத்தான் செய்யும். ரெக்கார்டு ஓரத்தில் துண்டுப் பேப்பர் ஒட்டி ஒரு நிமிஷம் சுற்று எண்ணிப் பாருங்கள். ஸ்ட்ரோப் தாள் அச்சடிப்பதானால் 50 ஹெர்ட்ஸுக்கு உரியது வேண்டும்: 33⅓-க்கு 180 கோடு, 45-க்கு 133. எல்இடி வெளிச்சத்தில் பெரும்பாலும் தெரியாது, குண்டு பல்பு போடுங்கள்.

தீர்வு மோட்டார் புல்லி, அதாவது பெல்ட்டை ஓட்டும் குட்டிச் சக்கரம். அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைக்காவிட்டால் லேத்தில் பித்தளையில் கடைந்து வாங்கலாம், விட்டம் சுமார் 1.2 மடங்கு. பெல்ட் ஓடும் இடம் நடுவில் லேசாகப் புடைத்திருக்கணும், இல்லாவிட்டால் பெல்ட் நழுவும். துளை மையம் விலகினால் பாட்டு அலையும். டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். (பெல்ட் இல்லாமல் மோட்டாரே பிளாட்டரைச் சுற்றும் குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவில் இந்தத் தலைவலி கிடையாது, வோல்ட் மட்டும் சரியாக இருந்தால் போதும்.)

லவ்டேல்_ஊசி:
1.6 கிராம் குறைவு. விஎம்95இ-க்கு 1.8 முதல் 2.2 வரை, நடுவில் 2.0. டிஜிட்டல் தராசில் 2.0 வைத்து ஆன்டி ஸ்கேட்டையும் (ஊசி உள்பக்கம் இழுபடுவதைச் சரிக்கட்டும் அமைப்பு) 2-க்குக் கொண்டு வாங்க. காலையில் தாவுவது குளிரால்: ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பர் இறுகி, பெரிய பேஸ் (தாழ்ந்த ஒலி) அலையைத் தொடர முடியாமல் எகிறுகிறது. அறை 18, 20 டிகிரிக்கு வந்த பிறகு போடுங்கள்.

12 இஞ்ச் சிங்கிள் வந்ததே பேஸை அகலமான பள்ளத்தில் சத்தமாக வெட்டத்தான். கடைக்கு வந்த முதல் 12 இஞ்ச் சிங்கிள், 1976-ல் சால்சோல் கம்பெனி வெளியிட்ட, டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பெர்சென்ட்’. பேஸ் அலை இடதிலும் வலதிலும் ஒன்றுக்கொன்று எதிராக வந்தால் பள்ளம் பக்கவாட்டில் ஆடாமல் மேலும் கீழும் ஆடும், ஆழம் குறையும் இடத்தில் ஊசி வெளியே வந்துவிடும். அதனால்தான் மாஸ்டரிங்கில் (வெட்டுவதற்கு முன் ஒலியைச் சரிசெய்யும் வேலை) பேஸை இரு பக்கமும் ஒன்றான மோனோவாக்குகிறார்கள். 2.2 கிராமிலும் வெதுவெதுப்பான அறையிலும் அதே இடத்தில் தாவினால் குறை பள்ளம் வெட்டியதிலோ ரெக்கார்டின் வளைவிலோ. ஷ்ரிங்க் உறை (மேலே ஒட்டிச் சுருங்கிய பிளாஸ்டிக்) இறுக்கமாக இருந்தால் வாங்கிய அன்றே கிழித்துவிடுங்கள், ரெக்கார்டை வளைப்பதே அதுதான்.

கோத்தகிரி_மூடுபனி:
பூஞ்சைக்கு என் பங்கு. புள்ளி விழுந்த காகித உள் உறையைக் குப்பையில் போடுங்கள், துடைத்து மாட்ட வேண்டாம். பாலிதீன் உள் உறை வாங்குங்க, பிவிசி வேண்டாம், நாளடைவில் ரெக்கார்டில் மங்கல் படியும். கழுவ: வடித்த நீர் 3 பங்கு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் 1 பங்கு, லிட்டருக்கு இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். பிறகு வெறும் வடித்த நீரில் அலசணும். லேபிள் நனையக் கூடாது. பழைய அரக்கு ரெக்கார்டுக்கு இது கூடவே கூடாது.

நம்ம கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. அலமாரி வெளிச்சுவரில் ஒட்டி இருந்தால் ஒரு சாண் இழுத்து வையுங்கள், கல் சுவர் வியர்க்கும். சிலிக்கா ஜெல் திறந்த அலமாரியில் வீண். 15 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினாலே 66-க்கு இறங்கும். அதனால் மூடிய அலமாரியின் அடியில் 25 வாட் குண்டு பல்பு, ரெக்கார்டிலிருந்து ஒரு அடி தள்ளி. கேஸ் ஹீட்டர் வேண்டாம், எரியும் கேஸே நீராவியைக் கக்கும். டிஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் கருவி) வாங்குவதானால் டெசிக்கன்ட் வகை, அதாவது ஈரத்தை உறிஞ்சும் பொருளால் வேலை செய்வது. கம்ப்ரசர் வகை குளிரில் உறைபனி கட்டி நின்றுவிடும்.

குன்னூர்_மிக்ஸ்:
பேப்பர் ஒட்டி எண்ணினேன், 37 சுற்றும் ஒரு அரையும். புல்லியில் 45 வேகத்துக்கான படிக்கட்டின் விட்டம் 10.4 மி.மீ., பெல்ட் தடிமன் 0.6. அப்போ 12.48 என்று சொல்லலாமா?

ஊட்டி_வாட்ஸ்:
பெல்ட்டையும் சேர்த்துக் கணக்கிடணும் சார். 10.4-உம் 0.6-உம் 11. அதை 1.2-ஆல் பெருக்கினால் 13.2, பெல்ட்டைக் கழித்தால் 12.6. 33 வேகத்துக்கான படிக்கட்டுக்கும் இதே கணக்கு. லேத்காரரிடம் பழைய புல்லியையும் கொடுத்துவிடுங்கள், தண்டுத் துளை அளவு அதில்தான் இருக்கு.