காலைல ஃபோன வாங்கி பெட்டியில பூட்டிடுதாங்க, உங்க ஸ்கூல்ல என்ன வழக்கம்?

விளவங்கோடு டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் விளவங்கோடு தாலுகாவுல ஒரு எய்டட் மிடில் ஸ்கூல்ல வேல பாக்குதேன், 12 வருசம் ஆச்சு. இந்த ஜூன்ல இருந்து எங்க ஸ்கூல்ல புது ரூல். காலைல 9 மணிக்கு ரெஜிஸ்டர்ல கையெழுத்து போடும்போதே ஃபோன ஹெச்.எம். ரூம்ல ஒரு மரப்பெட்டியில போட்டுடணும், சாயங்காலம் 4.10க்குத்தான் திருப்பி எடுக்க முடியும். முன்னாடி சாக்பீஸ் வச்சிருந்த பெட்டிதான், அதுக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டியிருக்காங்க. 14 ஃபோன் ஒண்ணு மேல ஒண்ணா கெடக்கும், ஒண்ணு வைப்ரேட் ஆனா பெட்டியே உறுமும். யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது, சாவி ஹெச்.எம். கையில, அவங்க கிளாஸ்ல இருப்பாங்க.

ரூல் எதுக்கு வந்துதுன்னும் சொல்லிடுதேன், மறைக்கல. போன வருசம் ஒரு கிளாஸ்ல டீச்சர் ஃபோன் பாத்துட்டு இருக்க பிள்ளைய பாட்டுக்கு இருக்குத மாதிரி ஒரு பெற்றோர் ஜன்னல் வழியா வீடியோ எடுத்து ஊர் வாட்ஸாப் குரூப்புல போட்டுட்டாங்க. ஸ்கூல நடத்துத கரஸ்பாண்டன்ட்டுக்கு ரொம்ப மனக்கஷ்டம். அதுல எனக்கும் தப்பு சொல்ல ஒண்ணுமில்ல, கிளாஸ்ல ஃபோன் கையில இருக்கக் கூடாதுன்னுதான் நானும் நெனைக்குதேன்.

ஆனா போன மாசம் நடந்தத சொல்லுதேன். எங்கம்மாவுக்கு சுகர், இன்சுலின் போடுதாங்க, பகல்ல தனியாத்தான் இருப்பாங்க, எங்க வீட்டுக்காரர் துபாய்ல. அன்னைக்கு 11 மணிக்கு அம்மாவுக்கு சுகர் இறங்கி வேர்த்து ஊத்தி மயங்கிட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா பாத்துட்டு சீனித்தண்ணி கொடுத்துகிட்டே என்ன கூப்பிட்டிருக்காங்க, 11 தடவ. ஸ்கூல் போர்டுல எழுதியிருக்க லேண்ட்லைன் நம்பருக்கும் அடிச்சிருக்காங்க, அந்த லைன் செத்து ரெண்டு வருசம் ஆவுது, போர்டுல மட்டும் அழியாம இருக்கு. கடைசியில அந்த அக்கா மவன் பைக்க எடுத்துட்டு 9 கிலோமீட்டர் ஓடி வந்து கேட்டுல நின்னு கத்துதான். நான் அஞ்சாங்கிளாஸ்ல பின்னம் நடத்திட்டு இருந்தேன். அவன் மூஞ்சியப் பாத்ததும் வந்த வெப்ராளம் இன்னும் போகல. அம்மா இப்ப சொகமா இருக்காங்க, கடவுள் புண்ணியம்.

இன்னொண்ணு, காலைல பிள்ளைகளுக்க அட்டென்டன்ஸ கல்வித்துறைக்க டி.என்.எஸ்.இ.டி. ஆப்புல போடணும், அது என் ஃபோன்லதான் இருக்கு. பெட்டியில போடுததுக்கு முன்ன போட்டா பாதிப் பிள்ளைய வந்திருக்காது, பஸ் லேட்டாவும், அப்புறம் போடணும்னா பெட்டியத் திறக்கச் சொல்லி நிக்கணும். மத்த ஸ்கூல்ல எப்படி நடக்குது? இந்த ரூல்ல என்ன மாத்தச் சொல்லிக் கேக்கலாம்? எதிர்த்துப் பேச எனக்கு விருப்பமில்ல, சரியா கேக்கணும், அவ்வளவுதான்.


ரிட்டயர்டு ஹெச்.எம்., தக்கலை பக்கம்:

டீச்சர், அம்மாவுக்கு குணமானது கேட்டு சந்தோசம். 31 வருசம் சர்வீஸ், அதுல கடைசி 9 வருசம் ஹெச்.எம்.மா இருந்தவன் சொல்லுதேன், கொஞ்சம் நீளமா போவும்.

மொதல்ல, ரூல் போடுதது தப்பில்ல. 2022 மார்ச்ல மதுரை ஐகோர்ட் கிளையில ஒரு சுகாதாரத்துறை ஊழியர் கேஸ்ல நீதிபதி சொன்னது எல்லா பேப்பர்லயும் வந்துது, அரசு ஊழியர்கள் வேல நேரத்துல சொந்த விஷயத்துக்கு செல்ஃபோன் பயன்படுத்தக் கூடாது, அதுக்கு அரசு விதிமுறை கொண்டு வரணும்னு. அதே எடத்துல, அவசரமா ஒரு கால் வந்தா மேலதிகாரிகிட்ட அனுமதி வாங்கிட்டு வெளிய போய் பேசலாம்னும் இருக்கு. உங்க கரஸ்பாண்டன்ட் மொத பாதிய மட்டும் எடுத்துருக்காரு, ரெண்டாவது பாதிய விட்டுட்டாரு. நீங்க கேக்க வேண்டியது அந்த ரெண்டாவது பாதியாக்கும்.

செல்ஃபோன் இல்லாத காலத்துலயும் நாங்க வேல பாத்தோம், அப்ப எப்படி நடந்துதுன்னா ஸ்கூல்ல ஒரு ஃபோன் இருந்துது, அது அடிச்சா எடுக்க ஆள் இருந்துது. பியூன் வந்து கிளாஸ் வாசல்ல நின்னு "சாரே, வீட்டுல இருந்து ஃபோன்"னு சொல்லுவான், நாலு வார்த்த பேசிட்டு வந்துடுவோம். எனக்கு ஓர்மை இருக்கு, எங்கப்பா தவறின செய்தி எனக்கு அப்படித்தான் வந்துது, கையில சாக்பீஸோட ஓடினேன். இப்ப அந்த லேண்ட்லைன் போச்சு, நெறைய ஸ்கூல்ல பியூன் போஸ்ட்டும் போச்சு, அதுக்கு பதிலா வந்தது டீச்சர் கையில இருக்க ஃபோன்தான். அதையும் பூட்டிட்டா வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. பூட்டுததுக்கு முன்ன அடிச்சா எடுக்குத ஒரு நம்பர் இருக்கணும்.

பப்ளிக் எக்ஸாம் டூட்டிக்குப் போனா ஹாலுக்குள்ள ஃபோன் கொண்டு போக முடியாது, யாராவது குறை சொல்லியிருக்கோமா? இல்ல. ஏன்னா அது மூணு மணி நேரம், ரூம்ல சீஃப் சூப்பரின்டன்டன்ட் இருக்காரு, அவரு நம்பர் எல்லாருக்கும் தெரியும். வருசம் முழுசும் ஏழு மணி நேரம்ங்குதது வேற விஷயம்.


பேச்சிப்பாறை மேல:

நான் மலையில ஒரு ஈராசிரியர் பள்ளியில இருக்கேன், அரசுப் பள்ளி. எங்க கத வேற. ஃபோன் ரூம்ல இருந்தா பிரயோஜனமே இல்ல, டவர் கிடைக்காது. பள்ளிக்கு மேல ரப்பர் தோட்டத்துக்குள்ள ஏறுனா ஒரு பாறை இருக்கு, அங்க நின்னா ரெண்டு கோடு காட்டும். காலைல அட்டென்டன்ஸ் போட அங்க போவணும், மழைன்னா குடைய ஒரு கையில புடிச்சுட்டு மறுகையில ஒவ்வொரு பேரா தட்டணும், அட்டை வேற கால்ல ஏறும். நான் பாறைக்குப் போன நேரம் என்கூட இருக்க டீச்சர் அஞ்சு கிளாஸையும் ஒத்தையா வச்சுகிட்டு இருப்பாங்க.

எண்ணும் எழுத்தும்னு அரசுத் திட்டம் 2022ல ஒண்ணு ரெண்டு மூணாம் வகுப்புக்கு வந்துது, அடுத்த வருசம் நாலு அஞ்சுக்கும். திட்டத்த நான் குறை சொல்லல, எங்க காணி பழங்குடிப் பிள்ளைய பாட்டும் கதையுமா நல்லா படிக்குது. ஆனா ஆப்புல மதிப்பீடு போடும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா கேள்வி ஏறணும், அதுக்கும் ஃபோன்தான். ஒரு பிள்ளைய பக்கத்துல உக்கார வச்சு ஸ்க்ரீன காட்டி பதில் வாங்கும்போது தூரத்துல நின்னு பாக்குதவங்களுக்கு டீச்சர் ஃபோன் நோண்டுததுன்னுதான் தெரியும். 2024ல தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு டேப்லெட் கொடுத்துது, அது நல்ல காரியம், எங்களுக்கும் ஒண்ணு வந்துது, நெட்டு மட்டும் எங்க கையில இருந்துதான் போவுது.

அதனால நான் கேக்குதது, ஃபோன் உள்ள இருக்கலாமா வெளிய இருக்கலாமான்னு இல்ல. ஸ்கூல் வேலைய எங்க சொந்த ஃபோன்ல ஏத்தினது யாரு? வேலைக்கு வேண்டியத ஸ்கூல் கொடுக்கட்டும், அப்ப என் ஃபோன நானே கொண்டு போயி பீரோவுல வச்சிடுதேன்.


மூணு பிள்ளைகளோட அம்மா:

டீச்சர்மாரு பேசுத எடத்துல நான் பேசலாமான்னு தெரியல, இருந்தாலும் சொல்லுதேன். நான் அண்டியாபீஸ்ல, அதாவது முந்திரிப்பருப்பு ஃபேக்டரியில வேல பாக்குதேன். எங்களுக்கும் வேல நேரத்துல ஃபோன் கெடையாது, பைக்குள்ள போட்டு வெளிய அலமாரியில வைக்கணும். ஆனா எங்க சூப்பர்வைசர் நம்பர் எல்லார் வீட்டுலயும் இருக்கு. போன வருசம் என் மவன் ஸ்கூல்ல விழுந்து கை ஒடிஞ்சப்ப அவருக்குத்தான் ஃபோன் வந்துது, அவரு என் பேரச் சொல்லி கூப்பிட்ட உடனே கையில ஒட்டின அண்டிப்பால கூட கழுவாம ஓடினேன். அண்டியாபீஸ்ல நடக்குதது ஸ்கூல்ல நடக்காதா?

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு டீச்சர், கோவப்படாதீங்க. என் சின்னவ ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது ஒருநாள் பாவாடைய நனைச்சுட்டு வந்தா. என்ன மக்ளேன்னு கேட்டா, "மூணு தடவ டீச்சர் டீச்சர்னு கூப்பிட்டேன்மா, ஃபோன் பாத்துட்டு இருந்தாவ, கேக்கல"ன்னு சொல்லுதா. அவங்க ஆபீஸ் வேலையும் பாத்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனா பிள்ளைக்கு என்ன தெரியும், டீச்சர் என்ன பாக்கலன்னு மட்டும்தான் தெரியும். அதுக்கப்புறம் ஒரு மாசம் வீட்டுல இருந்து தண்ணி குடிக்காமலே போவா.

அப்புறம் ஃபோட்டோ. ஆண்டு விழாவுல என் மூத்தவ ஆடினத ஒரு டீச்சர் அவங்க ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தாங்க, பாசத்துலதான் வச்சாங்க, ஆனா அத யாரோ எடுத்து எங்க ஊர்ல சுத்தினப்ப எங்க வீட்டுக்காரர் ரொம்ப சங்கடப்பட்டாரு. பிள்ளைய ஃபோட்டோவ சொந்த ஃபோன்ல எடுக்கவே கூடாதுன்னு ஒரு ரூல் போடுங்க, மொத கையெழுத்து நான் போடுதேன்.


நாகர்கோவில் மெட்ரிக்:

ஃபோட்டோ விஷயத்துல அந்த அக்கா சொல்லுதது நூத்துக்கு நூறு சரி. எங்க ஸ்கூல்ல அதுக்குன்னு ஒரு கேமரா இருக்கு, ஆபீஸ்ல மட்டும்தான் படம் இருக்கும், வெளிய போடணும்னா பெத்தவங்ககிட்ட எழுதி வாங்கணும். இது எல்லா ஸ்கூல்லயும் வரணும்.

நான் பிரைவேட் ஸ்கூல், எங்களுக்கும் 8.30ல இருந்து 4 வர ஃபோன் கெடையாது, லாக்கர்ல வைக்கணும். அது எனக்கு பழகிப்போச்சு, சொல்லப்போனா கிளாஸ்ல மனசு நிம்மதியாத்தான் இருக்கு. எனக்கு கஷ்டம் அதுக்கு அப்புறம்தான். கொரோனா நேரத்துல 2020ல ஆன்லைன் கிளாஸுக்காக எங்க சொந்த நம்பர் போட்டு கிளாஸ் கிளாஸா வாட்ஸாப் குரூப் ஆரம்பிச்சோம், கொரோனா போச்சு, குரூப் போகல. ராத்திரி 10 மணிக்கு "மிஸ் நாளைக்கு என்ன யூனிஃபார்ம்"னு வரும், பதில் போடலன்னா காலைல பிரின்சிபால்கிட்ட போவும். மழை மாசம் வந்தா விடியக்காலம் 5 மணிக்கே "கலெக்டர் லீவு விட்டாச்சா மிஸ்"னு 40 பேரு. ஸ்கூல் நேரத்துல இது என் சொந்த ஃபோன், தொடாதேங்குதாங்க, வீட்டுக்குப் போனா அதே ஃபோன் ஸ்கூல் ஃபோன் ஆயிடுது. ரூல்னு எழுதினா சாயங்காலம் 4 மணிக்கு அப்புறம் என்னன்னும் அதுல எழுதணும்.


ரிட்டயர்டு ஹெச்.எம்., தக்கலை பக்கம்:

எல்லாரும் சொன்னத வாசிச்சேன். அந்த அம்மா பிள்ளை கதைய வாசிச்சப்ப மனசு கேக்கல. நாம எந்த வேலைக்காக ஃபோன் பாத்தாலும் பிள்ளைக்கு ஒண்ணுதான்.

விளவங்கோடு டீச்சர், வாயால பேசாதீங்க, ஸ்டாஃப் மீட்டிங்ல எழுதிக் கொடுங்க, மினிட்ஸ்ல ஏறணும். இப்படி எழுதலாம்: "வகுப்பறையில் செல்ஃபோன் பயன்படுத்துவதில்லை என்ற முடிவை ஏற்கிறோம். ஆசிரியர்களின் வீட்டார் அவசரத்துக்கு அழைக்க அலுவலகத்தில் ஒரு செல்ஃபோனும் அதை எடுத்துப் பேச ஒரு பொறுப்பாளரும் வேண்டும். மாணவர் வருகைப் பதிவு, மதிப்பீடு ஆகியவற்றைப் பள்ளியின் சாதனத்தில் செய்ய ஏற்பாடு வேண்டும்." இதுக்கு மேல ஒரு வரி கூட வேண்டாம், அதிகமா எழுதினா அதுல ஒண்ணப் புடிச்சுகிட்டு மத்தத தள்ளிடுவாங்க. எல்லா ஸ்டாஃபும் கையெழுத்துப் போட்டா நல்லது. வீட்டுல நோயாளி, கைக்குழந்தை, கர்ப்பிணின்னு இருக்கவங்க மட்டும் தனியா ஹெச்.எம்.கிட்ட ஒரு லெட்டர் கொடுத்து வைங்க, அவங்க ஃபோன பெட்டியில போடாம ஆபீஸ் மேசை மேல வைக்கச் சொல்லிக் கேளுங்க. நான் ஹெச்.எம்.மா இருந்தப்ப பிரசவ நேரத்துல ஒரு சாருக்க மனைவிக்காக அப்படித்தான் வச்சோம்.


விளவங்கோடு டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு வாரம் கழிச்சு எழுதுதேன். சார் சொன்ன மாதிரியே எழுதி 14 பேரும் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழம மீட்டிங்ல வச்சோம். ஹெச்.எம். டீச்சரும் சேந்து போட்டாங்க, அது நான் எதிர்பாக்கல. அவங்களுக்கும் வீட்டுல வயசான மாமியார் இருக்காங்களாம், இத்தனை வருசமா எனக்குத் தெரியாது.

கரஸ்பாண்டன்ட் வாசிச்சுப் பாத்துட்டு ரெண்டாவது விஷயத்த உடனே ஒத்துகிட்டாரு. ஒரு சின்ன பட்டன் ஃபோன் வாங்கி ஆபீஸ்ல வச்சாச்சு, சத்துணவு அக்காவும் நாங்களும் மாத்தி மாத்தி எடுக்குதோம், அடிச்சா கிளாஸ் வாசலுக்கு ஆள் வரும். போர்டுல இருந்த செத்துப்போன நம்பர அழிச்சு புது நம்பர எழுதினாங்க, அந்த பெயின்ட் காயுதது வர நின்னு பாத்தேன். ஃபோட்டோ விஷயத்தையும் நானே எழுந்து சொன்னேன், இனி யாரும் சொந்த ஃபோன்ல எடுக்குதது இல்லன்னு முடிவாச்சு. அண்டியாபீஸ் அக்கா, அது உங்களாலதான்.

அட்டென்டன்ஸ் மட்டும் இன்னும் முடியல. டேப்லெட் வாங்க காசு வேணும்னு சொல்லுதாரு, அடுத்த மீட்டிங்ல பாக்கலாங்குதாரு. அதுவர 9.30க்கு பெட்டியத் திறந்து பத்து நிமிசம் ஆபீஸ்லயே உக்காந்து போட்டுட்டு திருப்பி வைக்கணும்னு ஏற்பாடு. அந்த பத்து நிமிசம் என் கிளாஸ பக்கத்து கிளாஸ் டீச்சர் பாத்துக்கிடணும், அது சரியா வரல, விடப்போறதும் இல்ல.

அம்மா வீட்டுல காலண்டர் பக்கத்துல புது நம்பர பெரிய எழுத்துல எழுதி ஒட்டியிருக்கேன். பக்கத்து வீட்டு அக்கா நேத்து மதியம் சும்மா ஒருக்கா அடிச்சுப் பாத்தாங்களாம், ரெண்டாவது ரிங்லயே எடுத்தாச்சு.