'ஸ்புரூ'வுக்குத் தமிழ்: வார்கால், மடை, சீப்பு

நண்பர்களுக்கு வணக்கம்.

பொம்மை விமானப் பெட்டிகளின் செய்முறைக் குறிப்பைத் தமிழாக்கும்போது 'ஸ்புரூ' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பெட்டியைத் திறந்தால் இறக்கையும் சக்கரமும் விமானியும் உதிரியாகக் கிடப்பதில்லை. பென்சில் தடிமனுக்கும் குறைந்த பிளாஸ்டிக் குச்சிகளால் ஆன ஒரு சட்டத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சட்டத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம். வார்ப்புச் சட்டகம், பாகச்சட்டம், எஞ்சுபொருள் என்று மூன்று சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. மூன்றாவதை முன்மொழிந்தவர் கோபிக்கக் கூடாது. திறந்தவுடன் கண்ணில் படுவது எப்படி எஞ்சிய பொருளாகும்? எல்லாவற்றையும் வெட்டி எடுத்த பிறகுதானே அது எஞ்சும்?

என் சொல்லைச் சொல்லுமுன் ஒரு பழைய கதை. 1978, பண்ணைக்காடு. அப்பா தச்சர். கொடைக்கானல் பங்களாக்களில் சன்னலும் கதவும் பழுதுபார்த்துவிட்டுச் சனிக்கிழமை பஸ்ஸில் ஊருக்கு வருவார். ஒருமுறை, நாடு திரும்பிய வெளிநாட்டுக் குடும்பம் கழித்துவிட்டுப் போன சாமான்களோடு ஓர் அட்டைப்பெட்டியையும் கொண்டுவந்தார். மூடியில் ஸ்பிட்ஃபயர் விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறந்தது. 72இல் ஒரு பங்கு அளவு. அசல் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டருக்குச் சற்று மேல். எனக்குக் கிடைத்தது 15 சென்டிமீட்டர் சொச்சம், ஒரு சாண்கூட இல்லை.

அப்பத்தா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னடா, சீப்புச் சீப்பாக வாங்கி வந்திருக்கிறான் உங்கப்பன்" என்றாள். வீட்டைச் சுற்றி மலைவாழை. அவளுக்கு வேறெது நினைவுக்கு வரும்? நானும் அவள் சொன்னபடியே நடந்துகொண்டேன். சீப்பிலிருந்து பழத்தைப் பிய்ப்பதுபோல் இறக்கையை முறுக்கிப் பிய்த்தேன். அவசரமாகப் பிய்த்தால் காம்போடு தோலும் கிழியும் என்பது வாழை தின்ற எல்லோருக்கும் தெரியும். இறக்கையின் முன்விளிம்பிலும் அப்படியே ஒரு சதை பெயர்ந்து வந்தது. அந்தப் பள்ளம் கடைசிவரை இருந்தது.

அப்பா பாதி பிளேடை எடுத்துப் பலகைமேல் சீப்பைக் கிடத்தினார். "காம்பைக் கொஞ்சம் விட்டு நறுக்கு. அப்புறம் உப்புத்தாளில் இழை." இன்றைய செய்முறைக் குறிப்புகளில் அரைப்பக்கம் வரும் அறிவுரை அது.

பெட்டியிலிருந்த பசைக்குழாய் காய்ந்து கல்லாகியிருந்தது. அப்பா வஜ்ஜிரம் காய்ச்சினார். மரத்தைக் கடித்துக்கொள்ளும் வஜ்ஜிரம் பிளாஸ்டிக்கில் தோற்றுப்போய் ஏடாக உரிந்து வந்தது. மரத்துக்கு நார் உண்டு, நுண்துளை உண்டு. பாலிஸ்டைரீன் என்ற இந்தப் பிளாஸ்டிக்குக்கு எதுவும் இல்லை. பிறகு பெயின்டரிடம் கொஞ்சம் தின்னர் வாங்கித் தீக்குச்சி முனையால் தொட்டுவைத்தோம். இரண்டு விளிம்பும் இளகி ஒன்றாகக் கலந்து இறுகிவிட்டன. குழாயில் வரும் பசையின் வேலையும் இதுதான்: அது நடுவில் நின்று ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கையே கரைத்து இணைத்துவிட்டு ஆவியாகிவிடுகிறது. அதனால் அதை வெறும் 'பசை' என்று எழுதாமல் 'கரைபசை' என்று எழுதலாம் என்பது என் கிளைப் பரிந்துரை.

இனி மூலக்கதைக்கு. 'ஸ்புரூ' பொம்மைக்காரர்கள் உண்டாக்கிய சொல் அன்று. இங்கிலாந்தில் ஃபிராக் நிறுவனம் 1936இல் 'பெங்குவின்' என்ற பிளாஸ்டிக் விமானப் பெட்டி வரிசையைக் கொண்டுவருவதற்கும், ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1950களில் தன் முதல் ஸ்பிட்ஃபயரை விற்பதற்கும் வெகுகாலம் முன்பே உலோக வார்ப்புப் பட்டறையில் புழங்கிய சொல். அவர்கள் பட்டறையிலிருந்து இரவல் வாங்கினார்கள் என்றால் நாம் வயலிலிருந்து வாங்கலாம். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் எப்படிப் பாய்கிறது என்று பாருங்கள். தலைவாய்க்காலில் புகுந்து, கிளைக்கால்களில் பிரிந்து, ஒவ்வொரு குறுகிய வாயிலிலும் நுழைந்து பாகத்தின் குழியை நிரப்புகிறது. வத்தலக்குண்டுப் பக்கம் நெல்வயலுக்குத் தண்ணீர் பாய்வதும் இப்படித்தான். குளிர்ந்ததும் வாய்க்காலும் வயலும் ஒரே கட்டியாக இறுகி வெளியே வருகின்றன. ஆகவே வார்த்தது ஓடிய கால் 'வார்கால்'. பாகத்தைத் தொடும் குறுகிய கழுத்து 'மடை'. வெட்டிய பின் பாகத்தில் நிற்கும் மேடு 'மடைத்தழும்பு'.

ஊறுகாய்போல வார்காலும் வினைத்தொகை. 'வார்க்கால்' என்று ஒற்று மிகுத்துவிடாதீர்கள்.

– பண்ணைக்காட்டிலிருந்து

*

அண்ணாச்சி, வணக்கம்.

மடையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கிறேன். வார்கால்தான் தொண்டையில் நிற்கிறது. எங்கள் விருதுநகர்ப் பக்கம் வாறுகால் என்றால் தெருவோரச் சாக்கடை. ஊராட்சி வேலைகளில் 'வாறுகால் சுத்தம் செய்தல்' என்றே எழுதுவார்கள். எழுத்தில் றகரம் வேறு, ரகரம் வேறு என்பீர்கள். என் பையன் காதில் விழுவது எழுத்து இல்லையே! "வார்காலிலிருந்து விமானியை எடு" என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்ப்பான்.

– விருதுநகரிலிருந்து

*

அம்பத்தூரில் ஒரு பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறையில் வேலை செய்கிறேன். இங்கே ஸ்புரூ, ரன்னர், கேட் மூன்றும் வேறு வேறு. இயந்திர மூக்கிலிருந்து அச்சுக்குள் இறங்கும் முதல் கூம்புவழிதான் ஸ்புரூ. நீங்கள் சட்டம் என்று சொல்வது பெரும்பாலும் ரன்னர். பொம்மைக்காரர்கள் எல்லாவற்றையும் ஸ்புரூ என்று அழைப்பது அவர்கள் பழக்கம். தமிழிலும் அதே குழப்பத்தை வாங்கிவைக்க வேண்டாம். கேட்டுக்கு மடை மிகப் பொருத்தம். அதை வேண்டுமென்றே ஒல்லியாக வைப்பது, எளிதில் வெட்டுவதற்காகத்தான். இன்னொன்று: வெட்டிய ரன்னரை நாங்கள் எறிவதில்லை. அரைத்துப் புதுப் பிளாஸ்டிக் மணிகளோடு கலந்து மறுபடி இயந்திரத்தில் போடுகிறோம். எஞ்சுபொருள் என்று எழுதினால் எங்கள் முதலாளி வருத்தப்படுவார்.

– அம்பத்தூரிலிருந்து

*

தம்பிக்கும் அம்பத்தூர்ச் சகோதரிக்கும் நன்றி.

சாக்கடை வாதத்துக்கு இலக்கணத்தில் பதில் உண்டு, வீட்டில் இல்லை. பத்து வயதுப் பிள்ளை படிக்கும் குறிப்பில் மூக்கைப் பொத்தவைக்கும் சொல் கூடாது. வார்காலைப் பட்டறைக்கே விட்டுவிடுவோம். அங்கே ரன்னருக்குச் சொல் தேவைப்படும், றகர ரகரப் பஞ்சாயத்தும் வராது. கூம்புவழிக்கு 'வார்வாய்' என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் சட்டத்துக்கு? இவ்வளவு சுற்றிவிட்டு நான் அப்பத்தாவிடமே திரும்ப வேண்டியிருக்கிறது. 'சீப்பு'. பெட்டிக்குள் இரண்டு மூன்று சட்டங்கள் வரும். மொத்தமாகத் தார், ஒவ்வொன்றும் சீப்பு. தார் என்றால் சாலை போடும் தார் நினைவுக்கு வரும், அதனால் அதைத் தள்ளிவிடுவோம். தலைவாரும் சீப்போடு குழப்பம் வருமா என்று யோசித்தேன். பழக்கடையில் யாருக்கும் வருவதில்லை. எழுதிப் பார்த்தேன்: "அ சீப்பிலிருந்து 7ஆம் பாகத்தை, மடையைச் சற்று விட்டு வெட்டவும். மடைத்தழும்பை உப்புத்தாளால் இழைக்கவும். கரைபசையை மெல்லத் தொட்டுவைக்கவும்." என் காதுக்கு உறுத்தவில்லை.

தீராத சொல் இன்னும் ஒன்று இருக்கிறது. மேகம் இறங்கிய நாளில் சாயம் அடித்தால் பால் தெளித்ததுபோல் வெளுத்துப்போகும். சாயத்திலிருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிவதால் வருவது. நாங்கள் 'பனி பூத்துவிட்டது' என்போம். 'பனிப்பூப்பு' என்று பெயர்ச்சொல்லாக்கினால் சமவெளிக்காரர்களுக்குப் புரியுமா?

என் ஸ்பிட்ஃபயருக்கும் பனி பூத்தது. காயட்டும் என்று அப்பத்தா அதை விறகடுப்பின் திட்டில் வைத்தாள். காலையில் பார்த்தபோது இடது இறக்கை வாட்டிய வாழையிலைபோல் மடங்கித் தொங்கியது. அதற்கும் சொல் வேண்டுமென்றால் யாராவது தனி இழை தொடங்குங்கள்.

– பண்ணைக்காட்டிலிருந்து