கௌதாரிக்கு முன் நின்ற பாயிண்டர்: பயிற்சி நாள் அனுபவங்கள்

தேவகோட்டை உறுப்பினர்:

பறவையின் வாடை பிடித்ததும் அசையாமல் நிற்க நாய்களைப் பழக்கும் நம் சங்கத்தின் பயிற்சி நாள் எப்படி நடக்கும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில், திருப்பத்தூர்ச் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் செம்மண் பொட்டலில், ரிமோட்டை அழுத்தினால் திறக்கும் கூண்டுகளில் வீட்டுப் புறாக்களை அடைத்துச் சூரைப் புதர்களுக்குள் மறைத்து வைத்திருந்தார்கள். என் பெண் பாயிண்டர் நாய் நீளக் கயிற்றில் காற்றுக்கு எதிராக இடமும் வலமுமாகத் தேடிக்கொண்டு போனது. புறா இருந்த புதரை எட்டுவதற்கு வெகு முன்பே, எவரும் எதையும் வைக்காத ஒரு காய்ந்த புல் திட்டின் முன் திடீரென்று நின்றுவிட்டது. முன்னங்கால் ஒன்று மடங்கியிருந்தது, வால் முதுகுக்கு நேராக விறைத்திருந்தது, மூக்குத் துவாரங்கள் மட்டும் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன.

“அங்கே ஒன்றும் இல்லை, பொய்யாக நிற்கிறது, இழுத்துக்கொண்டு வாருங்கள்” என்று பயிற்சியாளர் குரல் கொடுத்தார். நான் இழுக்காமல் பக்கவாட்டில் சுற்றிப் போய்ப் பார்த்தேன். நாயின் மூக்குக்கு எதிரே, ஒரு முழம் இரண்டு முழத்துக்குள், புல்லோடு புல்லாக ஒரு கௌதாரி அடைந்து உட்கார்ந்திருந்தது. வெளிர்மஞ்சள் தொண்டையைச் சுற்றிய மெல்லிய கறுப்புக் கோடும், மார்பில் நெருக்கமாக ஓடிய குறுக்கு வரிகளும் எண்ணிவிடலாம் போலத் தெரிந்தன. இறகு சற்றே விலகிய இடத்தில் முட்டையின் ஓரம் தெரிந்ததும், அது ஏன் பறக்கவில்லை என்பது விளங்கிவிட்டது. ஓசைப்படாமல் பின்னால் வந்து, நாயின் வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தூக்கி, வந்த வழியே திரும்பிவிட்டேன்.

பறவைக்கு நல்லதைத்தான் செய்தோம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நின்றதற்காகத் தட்டிக்கொடுக்கப்பட வேண்டிய நாய், நின்ற இடத்திலிருந்து தூக்கிச் செல்லப்பட்டதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டிருக்குமோ என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை. இதே நிலையில் இருந்தவர்கள் யாராவது சொல்ல வேண்டும்.

கானாடுகாத்தான் உறுப்பினர்:

அண்ணன் கேட்ட கேள்விக்கு என்னிடம் நேரடியான பதில் இல்லை, ஆனாலும் அதே நாளில் நான் கண்டதைச் சொல்கிறேன். உங்கள் நாய் நின்றபோது, எங்கள் இளம் ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் நாய் அறுபது எழுபது அடி பின்னால் வந்துகொண்டிருந்தது. காற்று குறுக்கே வீசியதால் கௌதாரியின் வாடை அதற்கு எட்டியிருக்க வழியில்லை. இருந்தும், முன்னால் நிற்கும் நாயைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் தானும் கால் ஊன்றி நின்றது. அதற்குப் பேக்கிங்கை, அதாவது முன்னால் நிற்கும் நாயைப் பார்த்துத் தானும் நிற்பதை, நாங்கள் அதுவரை கற்றுக்கொடுத்ததே இல்லை. என் கணவர் கூப்பிட்டார், நான் கூப்பிட்டேன், காதுகூட அசையவில்லை. உங்கள் நாயைத் தூக்கிய பிறகுதான் எங்கள் நாய் தலையைத் திருப்பியது. மூக்கால் அறியாத ஒன்றை இன்னொரு நாயின் முதுகைப் பார்த்து நம்பிய அந்த நிற்றலை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

காரைக்குடி உறுப்பினர்:

இருவரும் நாயைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் இடத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கௌதாரி பெரும்பாலும் சித்திரையிலிருந்து புரட்டாசி வரை தரையில் முட்டையிடும் பறவை என்று தெரிந்திருந்தும், புதர் நிறைந்த பொட்டலை ஆவணியில் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தது சரியல்ல. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சுடுவதை மட்டும் வேட்டை என்று சொல்லவில்லை. காட்டு உயிரை விரட்டுவதும், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். அந்த ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாம் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும். உழுது போட்ட புன்செயிலோ அறுவடை முடிந்த வயலிலோ, உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, நான்கு வைக்கோல் குவியலைப் போட்டுப் புறாக் கூண்டை வைத்தால் போதுமானது.

என் அனுபவம் சிறியதுதான். ஒரு பயிற்சி நாளில் என் நாய் புறாவுக்கு முன் அழகாக நின்று, அப்படியே கால் பின்னிச் சரிந்தது. வெக்கை தாங்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். நாய்க்கு உடம்பு முழுதும் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 41 ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகத் தொங்கினாலோ, எச்சில் கெட்டியாகி நூலாக வடிந்தாலோ அந்தக் கணமே வேலையை நிறுத்திவிட்டு, நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், அது சீக்கிரம் சூடேறி, உள்ளேயிருக்கும் வெப்பத்தை வெளியே விடாது. புறங்கையைச் செம்மண்ணில் வைத்துப் பாருங்கள், நமக்குப் பொறுக்காத சூடு அதன் பாதத்துக்கும் பொறுக்காது. வீடு திரும்பியதும் காதுமடலின் உட்புறத்திலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும், உண்ணிக் காய்ச்சல் இந்தப் பக்கத்தில் நாய்களைக் கொல்கிறது. மழை ஓய்ந்த பிறகு மார்கழியிலும் தையிலும் விடியற்காலையில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி இல்லை.

பள்ளத்தூர் உறுப்பினர்:

காரைக்குடி நண்பர் சொன்ன பருவக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் அவரே முன்பொரு முறை, பாயிண்டர் எதற்கு, நம் நாட்டு நாய்களான கன்னியும் சிப்பிப்பாறையும் போதாதா என்று கேட்டதை மறக்கவில்லை. எங்கள் கன்னியைப் பயிற்சிக்குக் கூட்டிப்போய் நான் கண்டது இதுதான்: கூண்டிலிருந்த புறாவின் பக்கமாகவே நடந்து போனது, வாடையை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. புறா எழுந்து பறந்ததும் கயிறு என் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது. கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய் அது, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். வாடைக்கு நிற்கும் குணம் வேறு இரத்தம். இங்கிலாந்தில் 1859 இல் நியூகாசிலில் நடந்த நாய்க் கண்காட்சியில் பாயிண்டரையும், அதைப்போலவே வாடை பிடித்துப் பறவையைக் காட்டும் செட்டரையும் மட்டுமே நிறுத்தினார்கள். ஆனால் மூக்கின் திறமையை மேடையில் நிறுத்தி அறிய முடியாது. 1865 இல் பெட்ஃபோர்டுஷைரில் வயலில் இறக்கிப் பார்க்கும் போட்டி தொடங்கியது. எனவே வயலில் நின்ற நாயைப் போய்ப் பார்க்காமலேயே பொய் என்று சொன்ன பயிற்சியாளர் அவசரப்பட்டார் என்றே கருதுகிறேன்.

கல்லல் உறுப்பினர்:

முதலில் எழுதிய அண்ணனின் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. என் நாய் ஒருமுறை கண்மாய்க் கரைச் சரிவில் இதேபோல் நின்றது. நானும் புறா என்றுதான் நினைத்தேன். நெருங்கியபோது, சருகுக்குள் சுருண்டு கிடந்த கண்ணாடி விரியனின் முதுகுச் சங்கிலி வரி தெரிந்தது, குக்கர் ஆவி விடுவதுபோல் சீறலும் கேட்டது. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தால் நாய் முன்னே பாயும் என்பதால், பின்னங்கால்களுக்கு முன்னால் அணைத்துத் தூக்கி அப்பால் கொண்டுபோனேன். தூக்கும்போது அதட்டவில்லை. கீழே விட்டதும், நின்ற இடத்தில் சொல்ல வேண்டிய “சபாஷ்” என்பதைச் சொல்லி மார்பைத் தடவிக்கொடுத்தேன். கொஞ்ச நேரம் இளைப்பாறவிட்டு, வேறு பக்கத்தில் புறா வைத்து அவிழ்த்துவிட்டோம். முன்னைவிட உறுதியாக நின்றது. உங்கள் நாயையும் அதே வாரத்துக்குள், புதரில்லாத இடத்தில், ஒரே ஒரு புறாவுக்கு முன் நிறுத்திப் பாருங்கள். கூண்டு வேண்டுமானால் என்னிடம் இருக்கிறது.