கோத்தகிரிப் பக்கம் 4ஜி தாமதம்: டவரின் நிலையை அறிய உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊர் டவரில் மழைக்காலத்துக்கு முன்பே மூன்று புதிய ஆன்டெனாக்களைப் பொருத்திவிட்டார்கள். ஆனால் கைப்பேசியில் இன்றும் 2ஜி அடையாளமே தெரிகிறது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், "மேம்படுத்தும் பணி நடைபெறுகிறது" என்பதற்கு மேல் பதில் இல்லை.

தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளம் இந்த டவரை 2ஜி என்றே காட்டுகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனங்கள் வெளியிட வேண்டிய சேவைப்பரப்பு வரைபடமோ ஊர் முழுவதையும் 4ஜி நிறத்தால் நிரப்பி வைத்திருக்கிறது. வரைந்தவர் மலைச்சரிவைப் பார்த்ததில்லை போலும். மொட்டைமாடியில் எப்போதாவது எட்டிப்பார்க்கும் 4ஜி சிக்னலின் செல் ஐடியை (சிக்னல் தரும் டவர் பகுதியின் அடையாள எண்) 256ஆல் வகுத்து, ஈவாகக் கிடைத்த டவர் எண்ணை, பயனர்கள் திரட்டும் டவர் வரைபடமான செல்மேப்பரில் ஒப்பிட்டபோது, அது மேட்டுப்பாளையம் பக்கத்து டவருடையது என்று தெரிந்தது.

ஆன்டெனா ஏறிய பிறகும் தாமதமாவதற்குப் பல இடங்களில் டவரை நிறுவனத்தின் மைய வலையமைப்புடன் இணைக்கும் பேக்ஹால்தான் காரணம்: 2ஜிக்குப் போதுமான பழைய மைக்ரோவேவ் இணைப்பு 4ஜியின் சுமையைத் தாங்காது, மலைச்சாலையோரம் ஃபைபர் பதிப்பதற்கோ தனி அனுமதி வேண்டும். எங்கள் டவரில் இன்னும் பழைய சிறிய மைக்ரோவேவ் தட்டு ஒன்றுதான் இருக்கிறது. டவர் பராமரிப்பில் பணியாற்றும் நண்பர்கள், ஃபைபர் வந்து சேர்ந்துவிட்டதா என்பதை வேலிக்கு வெளியே நின்று எந்த அடையாளத்தைக் கொண்டு அறியலாம் என்றும், எழுத்துப்பூர்வமான பதில் பெற யாருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன். குன்னூர், கோத்தகிரிப் பகுதியினர் தங்கள் கைப்பேசி காட்டும் பேண்ட் (அலைவரிசை) எண்ணையும் செல் ஐடியையும் பின்னூட்டத்தில் பதிந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவியாக இருக்கும்.